சூரியனுக்கு முந்திய ஜிலேபி

எவர்சில்வர் தூக்கை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தால் அதன் சூடு ஸ்வெட்டரைத் தாண்டி, உள்ளே போட்டிருக்கும் சட்டையையும் தாண்டி மெல்ல வயிற்றில் இறங்கும். மூக்கு நுனியும் காது மடல்களும் மட்டும் மரத்துப்போயிருக்கும். மூடியின் விளிம்பில் கசியும் ஆவியில் காய்ச்சிய பாலும் சர்க்கரைப் பாகும் கலந்த வாசனை வரும். எதிரே யார் வருகிறார்கள் என்பது இருமினால்தான் தெரியும், அவ்வளவு பனிமூட்டம். தொண்ணூறுகளின் நடுவே ஒரு குளிர்காலத்தில், தில்லியில் நாங்கள் இருந்த அரசுக் குடியிருப்பின் சந்து வழியாக, விடிவதற்குச் சற்று முன்பு தினமும் நான் அப்படி நடந்துவந்தேன். தூக்குக்குள் இருந்தது அம்மாவின் தலைவலிக்கு மருந்து. மருந்து என்பது சூடான பாலில் ஊறிய சூடான ஜிலேபி.

எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பாவும் அம்மாவும் மத்திய அரசு அலுவலகங்களில் எழுத்தர்கள். ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்ததும் வளர்ந்ததும் தில்லியில், படித்தது மந்திர் மார்க்கில் ஒரு தமிழ்ப் பள்ளியில். அந்த வருடக் கோடையில் அப்பாவை ஷில்லாங்குக்கு மாற்றிவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அம்மாவுக்குத் தலைவலி வந்தது, வந்தது போகவில்லை.

இப்போது நான் மின் விநியோகத்தில் பொறியாளர். ஒரு நகரம் காலையிலிருந்து இரவுவரை எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்ற கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி. அம்மாவின் வலிக்கும் அப்படி ஒரு கோடு போட்டிருக்கலாம் என்று பல தடவை தோன்றியிருக்கிறது. வெயில் ஜன்னலைத் தொடும்போது புருவத்துக்கு மேலே தொடங்கி, ஏறி ஏறி, நடுப்பகலில் உச்சிக்குப் போய், பிறகு சூரியனோடு சேர்ந்து சரிந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் அடங்கிவிடும். வலி இல்லாத நேரத்தில் அசதி. ஒரு வாளித் தண்ணீரை நகர்த்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஆகவே எங்கள் வீட்டில் பகல் என்பது இருட்டிய பிறகுதான் வந்தது. பள்ளிவிட்டு வந்து கழுத்தில் தொங்கும் சாவியால் ஓசைப்படாமல் திறந்து உள்ளே போனால், ஜன்னல்களில் பழைய கம்பளி மாட்டியிருக்கும். அதற்குப் பின்னால் அம்மா கண்ணுக்குக் குறுக்கே துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள். அந்த வீட்டில் எந்தெந்தச் சத்தம் ஆகாது என்பது எனக்கு மனப்பாடம்: குக்கர் விசில், நாற்காலி இழுபடுவது, எவர்சில்வர் தட்டு, சப்பாத்திக் கட்டையின் தட்டல், பாட்டு, வாய்விட்டுப் படிப்பது. ரேடியோவைச் சொல்லவே வேண்டாம். பென்சில் சீவுவதற்குக்கூட நான் குளியலறைக்குப் போவேன். பிறகு வெளிச்சம் மங்கும். "ஏட்டி, வந்துட்டியா?" என்று ஒரு குரல் கேட்கும், எனக்கு அன்றைய தினம் அப்போது ஆரம்பிக்கும்.

அரசு மருந்தகத்தில் மாத்திரை கொடுத்தார்கள். கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். பெரிய மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அம்மா அந்த "ஒண்ணுமில்ல"யைத்தான் மிகவும் வெறுத்தாள். அலுவலகத்தில் விடுப்பு தீர்ந்துகொண்டே வந்தது.

தில்லிக் குளிர்காலத்தில் பெண்கள் பகல் முழுவதும் வெயிலில்தான் இருப்பார்கள். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் கயிற்றுக் கட்டில்களைப் போட்டு உட்கார்ந்து, ஸ்வெட்டர் பின்னுவார்கள், பட்டாணி உரிப்பார்கள், ஆரஞ்சுத் தோலை அங்கேயே குவிப்பார்கள், ஒருத்தியின் மாமியாரை எல்லோருமாகச் சேர்ந்து திட்டுவார்கள். அந்தச் சிரிப்பு மாடியில் எங்கள் இருட்டு அறைக்குள்ளும் வரும். அம்மா ஒரு நாளும் அங்கே போய் உட்கார்ந்ததில்லை. போயிருந்தால் நானும் போயிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்கெட்டில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவுக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்று அப்பாவுடன் பேசுவோம். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறன்று அப்பாவின் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்டது. "ஒடம்பவிட வேலையா பெருசு? ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருங்க. அக்கா பாத்துக்கிடுவா. பிள்ளைய அங்க பள்ளிக்கூடத்துல சேத்துருவோம்." அம்மா கண்ணாடியில் விரலால் எதையோ துடைத்தாள். "ஜனவரில டிபார்ட்மென்ட் பரீட்ச வருது," என்றாள். "அத முழுசா உக்காந்து எழுதிட்டேன்னா இங்கயே இருக்கோம். நடுவுல எந்திச்சு வந்தேன்னா நீங்க சொன்னபடி எழுதிக் குடுத்துருதேன். போதுமா?"

பதவி உயர்வுக்கான அந்தப் பரீட்சை காலையில் தொடங்கி மத்தியானம் தாண்டும்வரை நடக்கும். அம்மாவின் வலி உச்சிக்கு ஏறுவதும் அதே நேரம்தான். அவள் அந்த வேலையைக் கல்யாணத்துக்குப் பிறகு, என்னை மடியில் வைத்துக்கொண்டு படித்து வாங்கியவள். எனக்கும் அந்த ஏற்பாட்டில் பங்கு இருந்தது. திருநெல்வேலியில் அத்தை வீட்டில் யாரும் என்னோடு பேசி நான் பார்த்ததில்லை, "டெல்லிக்காரி" என்று கூப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிதான் எங்களைக் கரோல் பாகுக்கு அழைத்துப் போனார். ஒரு வளையல் கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு ஏறினால் ஆயுர்வேத வைத்தியரின் அறை. "வைத் ஜி, வைத் ஜி" என்று ஆன்ட்டி சொல்லிக்கொண்டு வந்ததால் நான் தாடிவைத்த ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். இருந்தது மெரூன் கார்டிகனும் காலில் விளையாட்டு ஷூவும் போட்ட ஒரு பெண்மணி. மேஜைமேல் வேர்க்கடலைத் தோல் கிடந்தது, மேஜைக்குக் கீழே ஹீட்டர். அவர் பேசிய இந்தியை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

"எப்படி வலிக்கிறது? சொல்லச் சொல், மகளே," என்றார், அம்மாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு.

காய்கறி வாங்கப் போதுமான இந்தி அம்மாவிடம் இருந்தது. வலியைச் சொல்ல இல்லை. "நெத்திப் பொட்டுல விண்ணு விண்ணுன்னு தெறிக்குன்னு சொல்லுட்டி," என்றாள். அதற்கு என்னிடமும் இந்தி இல்லை. நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்து மூடி மூடித் திறந்து காட்டினேன்.

"அச்சா! இதயம் மேலே ஏறிவிட்டதா? அதை முதலில் இறக்க வேண்டும்," என்று வைத்தியர் சிரித்தார்.

"கையி காலெல்லாம் ஓஞ்சு போவுது, நின்னா கிறுகிறுன்னு வருது, சோறு எறங்கல, மனசே இல்லன்னு சொல்லு."

நான் "கம்ஸோரி" என்றேன். தில்லியில் எல்லாப் பலவீனத்துக்கும் அந்த ஒரு சொல்தான். அம்மாவின் நான்கைந்து மாதங்கள் அதற்குள் அடங்கிப்போயின.

பொழுதோடு ஏறி இறங்கும் இந்த வலிக்கு சூர்யாவர்த்தம் என்று பெயர் இருப்பதாக வைத்தியர் சொன்னார். பெயர் இருக்கிறது என்று கேட்டதும் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்ததைப் பார்த்தேன். சர்க்கரை வியாதி உண்டா என்று விசாரித்துக்கொண்ட பிறகு, இரவில் மூக்கில் விடுவதற்கு நெய்ச் சொட்டு, அசதிக்கு ஒரு கறுத்த லேகியம், ராத்திரியில் தயிர் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியாக, "முக்கியமான மருந்து இதுதான். சூரியன் வருவதற்கு முன்னால் சூடான பாலில் சூடான ஜிலேபி. காலி வயிற்றோடு சூரியனை வரவேற்றால் அவன் நேராகத் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்," என்றார்.

நான் சொல்லி முடித்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். "மருந்துன்னா கசக்க வேண்டாமா? ஜிலேபியத் திங்கச் சொல்லுதா. பொம்பளைக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் வைத்தியர்.

"நன்றி சொல்கிறாள்," என்றேன்.

எங்கள் மார்க்கெட் முனையில் இருந்த ஹல்வாயி, அதாவது மிட்டாய்க்கடைக்காரர், விடியலில் பூரிக்காக அடுப்பு மூட்டுவார். விஷயத்தைக் கேட்டதும் முதல் வாணலி ஜிலேபிக்கே என்று ஏற்றுக்கொண்டுவிட்டார். அவருக்கு அது ஒன்றும் புதுமையாக இல்லை. தன் மாமாவுக்கும் இதே வைத்தியம் நடந்ததாம். குளிருக்குத் தலையில் சுற்றிய மஃப்ளரோடு, தொலைவில் என்னைப் பார்த்ததுமே "ஆ கயீ டாக்டர் சாஹிபா!" என்று கத்துவார். டாக்டரம்மா வந்தாச்சு. தூக்கை நிரப்பி மூடியை அழுத்திக் கொடுத்துவிட்டு, உடைந்த துண்டு ஒன்றை என் கையில் வைத்து, "ஜல்தி, ஜல்தி, சூரியன் பின்னாலேயே வருகிறான்," என்று துரத்துவார். சில நாட்களில் பள்ளியில் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளைத் தவிர என்னிடம் உரக்கப் பேசப்படும் வார்த்தைகள் அவைதாம்.

ஆனால் அம்மாவின் வலி கூடிக்கொண்டு போனது. ஜிலேபி ஆரம்பித்த சில நாட்களிலேயே, முன்பு வெயில் ஏறிய பிறகு வந்தது இப்போது விடியும்போதே வந்தது, தும்மலும் சேர்ந்துகொண்டது. ஹல்வாயியின் எண்ணெயில் கோளாறோ என்று ஆன்ட்டி சந்தேகப்பட்டார். நெய்ச் சொட்டைக் கூட்டிப்பார்த்தோம். அம்மா பரீட்சைப் புத்தகத்தை இருட்டிய பிறகு எடுத்து, மார்பில் வைத்துக்கொண்டு, திறக்காமலே தூங்கிவிடுவாள்.

புத்தாண்டு கழிந்து மறுபடி கரோல் பாகுக்குப் போனோம். வைத்தியர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவந்து உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். உடனே கையை எடுத்து, கொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது என்ன ஈரம்?"

"மார்கழி," என்றேன் நான்.

"அது என்ன வியாதி?"

மார்கழி மாதத்தில் விடிவதற்கு முன்பே தலைக்குக் குளித்துவிட்டு, வாசலில் கோலம் போட்டு, விளக்கேற்றிக் கும்பிட வேண்டும் என்று விளக்கினேன். அம்மா ஜிலேபி வைத்தியம் தொடங்கிய வாரத்தில்தான் மார்கழி பிறந்தது. "எப்படியும் விடியுமுன்ன எந்திக்கணும், ரெண்டும் ஒண்ணாப் போச்சு பாத்தியா," என்று அவள் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருந்தாள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் ஐஸ் தண்ணீரில் தலைமுழுகி, ஈரக் கூந்தலை அப்படியே முடிந்துகொண்டு, மாடிப்படிச் சிமெண்டில் சின்னதாக ஒரு கோலம் இழுத்து, விளக்கை ஏற்றி, நான் கொண்டுவந்த தூக்கை விளக்குக்கு முன்னால் வைத்து, சாமிக்குக் காட்டிவிட்டு, அதன் பிறகுதான் வாயில் வைப்பாள். அதற்குள் பால் ஆறி ஏடு கட்டியிருக்கும். பல நாட்கள் ஜன்னலும் வெளுத்திருக்கும்.

"அப்படியானால் குளிப்பது ஜிலேபிக்கு முன்னாலா?"

"ஆமாம். குளிக்காமல் சாப்பிட மாட்டோம்."

வைத்தியர் கையிலிருந்த கடலையை மேஜையில் போட்டுவிட்டு ஆன்ட்டியைப் பார்த்தார். "கேட்டாயா? நான் சூரியனுக்கு முன்னால் சாப்பிடு என்கிறேன், இவள் சாமிக்குப் பின்னால் சாப்பிடுகிறாள்! ஜனவரியில், ஈரத்தலையோடு! இந்தத் தலை வலிக்காமல் என்ன செய்யும், பஜனை பாடுமா?" ஆன்ட்டி தலையில் கைவைத்துக்கொண்டார். ரஜாயிக்குள், மெத்தைப் போர்வையின் கதகதப்பில் படுத்தபடியே முதல் டீயைக் குடிக்கும் ஊர் அது. வைத்தியருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவுக்குச் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு மொழியும் தெரிந்த எனக்கோ, குளிக்காமல் சாப்பிடும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் உறைத்தது.

அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "பல்லு வெளக்கிட்டுக் காப்பித்தண்ணி குடின்னாக்கூடப் பரவால்ல. பலகாரத்தப் போயி குளிக்காமயா? எங்கம்மை கேட்டா நாக்க இழுத்து வச்சுச் சூடு போட்டுருவா. என்னால ஆவாதுன்னு சொல்லிருட்டி."

இந்த முறை நான் எதையும் மாற்றாமல் சொன்னேன். வைத்தியர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அம்மாவின் ஈரக் கொண்டையைத் தானே அவிழ்த்து முதுகில் பரப்பிவிட்டு, "உன் சாமிக்குத் தலைவலி வந்ததுண்டா என்று கேள்," என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாட்களே இருந்தன.

மறுநாள் தூக்கோடு நான் படியேறி வந்தபோது கோலம் இல்லை. அம்மா பல் விளக்கி முகம் கழுவிவிட்டுக் கட்டிலில் ரஜாயியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடி காய்ந்திருந்தது. நான் தூக்கை நீட்டினேன். வாங்கவில்லை.

"ஏட்டி, மொதல்ல பூச அலமாரிக் கதவச் சாத்து."

"ஏம்மா?"

"சாத்துன்னா சாத்து. சாமி பாக்கும்."

சமையலறைச் சுவரில் பதித்த சின்ன மர அலமாரி அது. சாத்தினேன். கதவு கொஞ்சம் வளைந்திருந்ததால் நடுவே வெளிச்சம் போகுமளவு இடுக்கு விழும். "நல்லாச் சாத்து, இடுக்கு தெரியுது பாரு," என்றாள். ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகினேன். அதன் பிறகுதான் அம்மா தூக்கை வாங்கினாள். சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டு, தோள்களைக் குறுக்கி, யாரோ கதவைத் தட்டிவிடுவார்கள் என்பதுபோல வேகமாகத் தின்றாள். பாலிலிருந்து ஆவி பறந்தது. வெளியே இன்னும் இருட்டாக இருந்தது. நான் கதவில் கைவைத்தபடி சமையலறையிலேயே நின்றேன்; உள்ளே சாமி, வெளியே அம்மா, நடுவில் காவலுக்கு நான்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். சாப்பிட்டு, வெயில் வந்து வெகுநேரம் கழித்து, வாளியில் மின்சார ராடு போட்டுச் சூடாக்கிய தண்ணீரில் உடம்புக்கு மட்டும் குளித்துவிட்டு, அம்மாவே போய்க் கைக்குட்டையை உருவிக் கதவைத் திறந்து விளக்கேற்றுவாள். கன்னத்தில் போட்டுக்கொள்வது வழக்கத்தைவிட நெடுநேரம் நடக்கும். வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. தாமதமாக வந்தது, வந்தாலும் உச்சிவரை ஏறவில்லை, நடுவே ஒரு நாள் பழையபடி வந்து படுக்கவைத்தது. கனத்த பனிமூட்டத்தில் சூரியனே தெரியாத நாட்கள் மிகவும் சுலபமாகக் கழிந்தன. அதனால் பரீட்சையன்று பனிமூட்டம் வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். சாத்திய கதவுக்கு வெளியே நின்று வேண்டியது கேட்டிருக்குமா தெரியாது.

பரீட்சை ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் காற்றடித்து மூட்டத்தையெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விட்டது. ஹல்வாயி வானத்தைக் காட்டி, "இன்றைக்கு அருமையான வெயில்!" என்று மகிழ்ந்தார், நான் அவர் கொடுத்த துண்டைத் தின்னாமல் ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன். அம்மா சாப்பிட்டாள், குளித்தாள், விளக்கேற்றினாள், ஆன்ட்டியின் சால்வையைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். வாசலில் திரும்பி, "யாரு வந்தாலும் கதவத் தெறக்காத, கேட்டியா," என்று மட்டும் சொன்னாள்.

முன்பக்கப் பால்கனியில் நின்றால் பஸ் நிறுத்தம் தெரியும். நடுவில் எழுந்துவந்தால் மத்தியானத்துக்கு முன்பே அங்கே வந்து இறங்குவாள் என்று கணக்குப் போட்டு, வரும் பஸ்களையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். சால்வை போட்ட ஒவ்வொரு பெண்ணும் முதலில் அம்மாவாகத்தான் இறங்கினாள். வெயில் தலைக்கு மேலே வந்தது. எனக்கே நெற்றிப் பொட்டில் தெறிப்பதுபோல் இருந்தது. பகல் சாய்ந்தும் அவள் வரவில்லை. அதில் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

பின்புறம் புல்வெளியில் பெண்கள் சிரித்தார்கள். வழக்கமான சிரிப்புத்தான். ஆனால் அதற்குள் எனக்குத் தெரிந்த ஒரு சிரிப்பும் இருந்தது. ஓடிப்போய், ஜன்னலில் மாட்டியிருந்த கம்பளியை விலக்கிப் பார்த்தேன். அம்மா பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள். ஆன்ட்டியின் கட்டிலில் காலை மடித்து உட்கார்ந்து, வினாத்தாளை மடித்து நெற்றிக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் ஆரஞ்சுச் சுளையோடு, தன் உடைந்த இந்தியில் எதையோ சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, இருட்டுக்குள்ள என்ன செய்யுத? எறங்கி வா, வெயிலு நல்லாருக்கு!"

முழுதும் உட்கார்ந்து எழுதியும் அந்தத் தடவை அம்மா தேர்வாகவில்லை. அடுத்த தடவை தேறினாள். ஊருக்குப் போகும் பேச்சு எழவில்லை, சில வருடங்களில் அப்பா திரும்பி வந்தார். குணமானது ஜிலேபியாலா, நெய்ச் சொட்டாலா, ஈரம் காய்ந்த தலையாலா, அல்லது வலிக்கு ஒரு பெயர் கிடைத்ததாலா என்று என்னால் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது என்பதுதான் என் படிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

பின்னாளில் அப்பாவும் அம்மாவும் மாற்றல் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டு உயரமான கட்டடங்கள் எழுப்புகிறார்கள். புல்வெளி இருந்த இடத்தில் கம்பிக் கட்டுகள் கிடக்கின்றன. ஹல்வாயியின் முனை சாலைக்குள் போய்விட்டது. கரோல் பாகில் மெட்ரோவிலிருந்து இறங்கித் தேடிப்பார்த்தேன். படிக்கட்டு இருக்கிறது, மேலே கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். ஆன்ட்டி எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியவில்லை.

போன குளிர்காலத்தில் எனக்கும் தலைவலி வந்தது. மருத்துவர் ஒரு மாத்திரை எழுதி, விடிந்ததும் போட வேண்டும், வெறும் வயிற்றில் மட்டும் கூடாது என்றார். அன்று இரவு தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். "குளிக்காமச் சாப்பிடணும்மா, ஒன்னோட ஜிலேபி மாதிரி."

"என்ன ஜிலேபி?"

"ஒனக்குத் தலவலிக்கு. குளிக்காமத் திம்பியேம்மா, பூச அலமாரியச் சாத்திட்டு."

"நானா? குளிக்காமயா?" அம்மா உண்மையிலேயே அதிர்ந்துபோனாள். "ஏட்டி, கனவு கினவு கண்டியா? ஜிலேபி தின்னது சரி. நம்ம வீட்ல எந்தக் காலத்துல அந்தப் பழக்கம் இருந்துச்சு? குளிச்சு வெளக்கேத்திட்டுத்தான் தின்னேன்."

அம்மாவுக்கும் தெரியாதபடி அந்தக் கதவை நன்றாகத்தான் சாத்தியிருக்கிறேன்.

தில்லியிலேயே, துவாரகாவில் நான் தனியாக இருக்கும் வீட்டில் சாமி படம் ஒரு திறந்த அலமாரித் தட்டில் இருக்கிறது. அதற்குக் கதவு கிடையாது. காலையில் பல் விளக்கிவிட்டு, ரொட்டியைப் பாலில் தோய்த்து, நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன்.